36 யூனிட் பேட்டரி, நாலரை வருஷம், 300 காட்டினது இப்ப 225: வாரண்டியில வருமா?

கோரையாறு (மன்னார்குடி)

எல்லாருக்கும் வணக்கம். எலக்ட்ரிக் கார் வாங்கி நாலரை வருஷம் ஆகுது, ஓட்டம் 78,000 கி.மீ. பேட்டரி 36 யூனிட், எல்.எஃப்.பி. (லித்தியம் அயன் பாஸ்பேட்) வகை. வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துதோ அது. புதுசுல ஃபுல் சார்ஜுக்கு ரேஞ்ச் (ஓடக்கூடிய தூரம்) 300 கி.மீ. காட்டும், இப்ப 225. சார்ஜ் 12%க்கு வந்ததும் ஆமை விளக்கு (சக்தியைக் குறைச்சுட்டேன்னு வண்டி காட்டுற விளக்கு) எரிஞ்சு வண்டி இழுக்க மாட்டேங்குது. சர்வீஸ் சென்டர்ல "ரேஞ்ச் குறையறது சகஜம், வாரண்டில வராது"ன்னு வாயாலயே முடிச்சுட்டாங்க. கையேட்டுல ஒரு பக்கம் "கொள்ளளவு 70%க்குக் கீழே போனால் சரிசெய்து தரப்படும்"னு இருக்கு. நாலு பக்கம் தள்ளி "நாளடைவில் இயல்பாகக் குறையும் கொள்ளளவுக்கு வாரண்டி பொருந்தாது"ன்னும் இருக்கு. இதுல எது நிக்கும்? இன்னொண்ணு, சார்ஜ் இதுவரைக்கும் வீட்டு 15 ஆம்பியர் பிளக்லதான். கொல்லைப்பக்கம் பம்ப்செட் லைன்ல வோல்டேஜ் நல்லா வருது, அதுல போடலாமா?

வெண்ணாறு

ரெண்டுமே நிக்கும், முரண் ஒண்ணும் இல்லை. 100லேர்ந்து 70 வரைக்கும் இறங்கறது உங்க கணக்கு. அதுக்குக் கீழ போறது அவங்க கணக்கு. உலகம் முழுக்க கிட்டத்தட்ட இதுதான் முறை. நிசான் லீஃப் கார்ல பேட்டரிக் கொள்ளளவைக் காட்டுற 12 பட்டைக்கு 9க்குக் கீழ இறங்கினாத்தான் வாரண்டி. ஐ.நா.வோட 22ஆம் எண் உலகத் தொழில்நுட்ப விதி (2022) 5 வருஷம் அல்லது 1,00,000 கி.மீ. வரைக்கும் 80%, 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வரைக்கும் 70%னு வரம்பு வச்சிருக்கு.

ஆனா 225ஐ 300ஆல வகுத்து 75%னு அவங்க முன்னாடி சொல்லாதீங்க. அந்த எண் சமீபத்துல நீங்க ஓட்டின விதத்தை வச்சு வண்டி போடுற உத்தேசம். ஏசி, டயர் காத்து, ஆடி மாசக் காத்துக்கு எதிர்த்து ஓட்டினது, எல்லாம் அதுல கலந்திருக்கும். வாரண்டிக்குக் கணக்கு யூனிட்தான், கிலோமீட்டர் இல்லை.

யூனிட்டை வீட்டுலயே அளக்கலாம். வீட்டு மீட்டர் ஆகாது, ஃபிரிட்ஜும் மோட்டாரும் அதுலயேதான் ஓடும். சார்ஜர் பிளக்குக்கு மட்டும் தனியா ஒரு 32 ஆம்பியர் சப் மீட்டர் போடுங்க. முதல்ல ஒரு தடவை 100% வரைக்கும் ஏத்தி, வண்டி தானா நிறுத்துற வரைக்கும் பிளக்கைப் பிடுங்காதீங்க. எல்.எஃப்.பி.யில நடுப்பகுதி வோல்டேஜ் தட்டையா இருக்கும். உச்சியைத் தொட்டாத்தான் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கிற கருவி) தன் சதவீதக் கணக்கைச் சரிபண்ணிக்கும். அப்புறம் 15% வரைக்கும் ஓட்டி, ரெண்டு மணி நேரம் நிழல்ல நிறுத்தி, சப் மீட்டரைக் குறிச்சுக்கிட்டு 100% வரை மெதுவா ஏத்துங்க. நடுவுல ஏசி போட்டு உள்ள உக்காராதீங்க.

மீட்டர்ல ஓடின யூனிட் முழுசும் பேட்டரிக்குப் போகாது. சார்ஜர் சூடு, கேபிள், வண்டியோட கூலிங் பம்ப்புன்னு 10லேர்ந்து 12% கழியும். அதனால ஓடின யூனிட்டை 0.88ஆலயும் 0.90ஆலயும் தனித்தனியா பெருக்கி, ஏத்தின பங்கால (15லேர்ந்து 100ன்னா 0.85) வகுங்க. வர்ற ரெண்டு எண்ணுக்கு நடுவுலதான் உண்மை இருக்கும். 36ங்கிறது மொத்தக் கொள்ளளவா, பயன்படுத்தக்கூடிய கொள்ளளவான்னும் கையேட்டுல பாருங்க. 70% எதோட 70%ங்கிறதுலதான் பாதிச் சண்டையே வரும்.

உங்க பதிவுல எனக்கு உறுத்துறது 225 இல்லை, அந்த 12% ஆமை விளக்கு. பேக் (செல்லெல்லாம் சேந்த மொத்த பேட்டரி) முழுக்க ஒரே மாதிரி தேஞ்சிருந்தா 12%ல அப்படி விழாது. முடிஞ்சா ஓ.பி.டி. டாங்கிள் (கார் கம்ப்யூட்டர்ல இருக்கிற விவரத்தைப் போன்ல காட்டுற சின்னக் கருவி) போட்டு செல் வோல்டேஜைப் பாருங்க. எல்லாக் காரும் காட்டாது. காட்டினா, அதிகபட்ச செல்லுக்கும் குறைந்தபட்ச செல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை 50%லயும் 15%லயும் குறிச்சு வைங்க. படிக்கிறதோட நிறுத்திக்கணும், எரர் கோடை அழிச்சுடாதீங்க. அதுதான் உங்க சாட்சி.

குடமுருட்டி

பம்ப்செட் லைன் மட்டும் வேண்டாம் தம்பி. இலவச விவசாய சர்வீஸ்ல கார் ஏத்தினா அது மின்சாரச் சட்டம் 2003, 126வது பிரிவுல வரும். கட்டணம் ரெண்டு மடங்கு போடுவாங்க. கம்பெனிக்கும் "முறையில்லாத சப்ளை"ன்னு கைகழுவ ஒரு காரணம் கிடைக்கும்.

வீட்டுப் பிளக்கையே ஒழுங்கா வச்சுக்கங்க. மெயின் போர்டுலேர்ந்து நேரா 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினா விழுற சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா விழுற சுவிட்ச்) போதும். லோ வோல்டேஜ்ல பேட்டரி கெடும்னு ஊர்ல சொல்றது தப்பு. சார்ஜர் கரண்டைக் குறைச்சுக்கும், நேரம் கூடும், அவ்வளவுதான். அடி வாங்கறதுன்னா உள்ளே இருக்கிற சார்ஜர்தான், அதோட வாரண்டியும் பெரும்பாலும் தனிக் கணக்கு.

நம்ம பக்கம் நிஜமான தொந்தரவு எர்த். களிமண் ஈரமா இருக்கிற வரைக்கும் அருமையான எர்த் கொடுக்கும். சித்திரை, வைகாசியில வயல் வெடிக்கிற மாதிரி எர்த் குழியைச் சுத்தியும் வெடிச்சுப் போகும். கார் சார்ஜ் ஏத்த மறுக்கும், ஆளுங்க பேட்டரியைத் திட்டுவாங்க. குழியில ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. 5 வோல்ட்டுக்கு மேல இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

ஐப்பசி, கார்த்திகையில வெள்ளத்துல நின்ன வண்டியா? அப்படின்னா அது இன்ஷூரன்ஸ் பக்கம், வாரண்டி பக்கம் இல்லை. பேட்டரிக்குத் தண்ணி புகாதுன்னு போடுற ஐ.பி.67 தரம்ன்னா 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம், அதுவும் சோதனைக்கூடத்து நல்ல தண்ணி. ராத்திரி பூரா கொல்லையில நின்ன வெள்ளத்துக்கு அது பொருந்தாது.

கோரையாறு (மன்னார்குடி)

வெள்ளத்துல நிக்கலை. அளந்துட்டேன். 15லேர்ந்து 100 வரைக்கும் சப் மீட்டர்ல 24.0 யூனிட் ஓடுச்சு. செல் விவரமும் வந்துச்சு. 50%ல வித்தியாசம் 18 மில்லிவோல்ட். 13%ல ஓட்டும்போது செல் 57 மட்டும் 2.94 வோல்ட், மத்ததெல்லாம் 3.15 பக்கம். மூணு தடவை பாத்தேன், மூணு தடவையும் 57தான். கையேட்டுல 36ங்கிறது பயன்படுத்தக்கூடிய கொள்ளளவுன்னு போட்டிருக்கு.

வெண்ணாறு

கணக்கு: 24.0ஐ 0.88ஆல பெருக்கி 0.85ஆல வகுத்தா 24.8 யூனிட், அதாவது 69%. 0.90 போட்டா 25.4, அதாவது 70.6%. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் வச்சுக்கிட்டு நிக்குது. இந்த அளவை வச்சு 70% சண்டைக்குப் போனா அவங்க கருவி 71% காட்டும், கதை முடிஞ்சுது.

உங்களுக்கு வழி வேற இருக்கு. செல்லெல்லாம் தொடர்ல இருக்கறதால ஒரு செல் காலியானா மொத்தப் பேக்கும் நின்னாகணும். 57 முதல்ல தீந்துடுது, மத்ததுல சரக்கு மிச்சம் இருக்கு. இது தேய்மானம் இல்லை, பழுது. கையேட்டுல "பொருள் அல்லது தயாரிப்புக் குறைபாடு"ன்னு தனி வரி இருக்கும், அதுக்கு 70% வரம்பே கிடையாது. 50%ல 18 மில்லிவோல்ட்தானேன்னு சொல்லுவாங்க. எல்.எஃப்.பி. நடுவுல எதையும் காட்டிக் கொடுக்காது, ரெண்டு ஓரத்துலதான் குட்டு வெளிப்படும்.

ஜாப் கார்டுல (சர்வீஸ் சென்டர்ல புகாரை எழுதுற தாள்) "ரேஞ்ச் குறைவு"ன்னு எழுத விடாதீங்க. "12 முதல் 13%ல் சக்தி குறைகிறது, செல் 57 மற்றவற்றைவிட 200 மில்லிவோல்ட் கீழே"ன்னு எழுதச் சொல்லி நகல் வாங்குங்க. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுப் பாக்கறோம்னு சொன்னா, போடறதுக்கு முன்னாடி பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை அச்சா வாங்கிக்கங்க. அப்டேட்டுக்கு அப்புறம் சதவீதக் கணக்கே மாறலாம். வெளி ஆளுங்க யாரையும் ஆரஞ்சு கேபிளை (பேட்டரியோட ஹை வோல்டேஜ் வயர்) தொட விடாதீங்க, சீல் உடைஞ்சா எல்லாம் போச்சு.

ஒத்துக்கிட்டாலும் புது பேக் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. பெரும்பாலும் 57 இருக்கிற மாட்யூலை (செல் தொகுப்பை) மட்டும் மாத்துவாங்க, இல்லேன்னா புதுப்பிச்ச பேக் தருவாங்க. மாத்தினதுக்கு வாரண்டி புதுசா தொடங்காது, மிச்சம் இருக்கிற மூணரை வருஷம்தான்.

அரசலாறு

வாயால மறுத்தா அது மறுப்பே இல்லை, அதனால எழுத்துல வாங்குங்க. தலைமை அலுவலகத்துக்கு ஜாப் கார்டு, அளவு, செல் படம் மூணையும் இணைச்சு மின்னஞ்சல் போட்டு 15 நாள் கெடு கொடுங்க. அசையலேன்னா 1915 நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே, அதாவது திருவாரூர்லயே போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. காருக்குக் கொடுத்த விலை 10லேர்ந்து 20 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் 400 ரூபாய். மறுத்த தேதியிலேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், எழுத்துல மறுப்பு வாங்கச் சொல்றது இதுக்கும் சேத்துத்தான். பழுதா தேய்மானமாங்கிறதைத் தீர்மானிக்க ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு 38வது பிரிவுல அதிகாரம் இருக்கு.

கோரையாறு (மன்னார்குடி)

ரொம்ப நன்றி அண்ணே. அடுத்த வாரம் வண்டியை விடறேன். அதுவரைக்கும் ஓட்டலாமா?

வெண்ணாறு

தாராளமா ஓட்டுங்க, 20%க்குக் கீழ மட்டும் இறக்காதீங்க. 57ஐ திரும்பத் திரும்ப அடிமட்டத்துக்குக் கொண்டு போனா அது இன்னும் கெடும். ஆனா சர்வீஸுக்கு விடற அன்னிக்கு மட்டும் ஃபுல் சார்ஜோட போகாதீங்க. 90%ல கொண்டுபோனா 57 நல்ல பிள்ளையா உக்காந்திருக்கும். "எல்லாம் சரியா இருக்கு"ன்னு கழுவி அனுப்பிடுவாங்க. 15% பக்கம் இருக்கறப்ப கொண்டுபோய், அவங்க ஆளைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க.