20-இன் 100-ஆம் அடுக்கு: இந்த வாதத்தைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

கணக்குப்பிள்ளை

பரிணாமம் பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் பத்தாவது பதிலுக்குள் இந்தக் கணக்கு வந்து நிற்கும். ஒரு சின்னப் புரதத்தில் 100 அமினோ அமிலம், ஒவ்வோர் இடத்துக்கும் 20 வகை, ஆக 20-இன் 100-ஆம் அடுக்கு. 1-க்குப் பின்னால் 130 பூச்சியம். ஆகவே தற்செயலாக இது வந்திருக்கவே முடியாது என்பார்கள் பரிணாமத்தை மறுப்பவர்கள். பழைய வாதம்தான். 1966 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் தலைமையில் கணிதர்களும் உயிரியலாளர்களும் கூடியபோது கணிதப் பக்கத்திலிருந்து முர்ரே ஈடனும் ஷூட்சன்பெர்ஜேயும் வைத்தது இதன் கனமான வடிவம்.

பெருக்கல் சரியானதுதான். ஆனால் எதைப் பெருக்குகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தாயம் போட்டால்தான் அந்த எண் பொருந்தும். கிடைத்ததை வைத்துக்கொண்டு அதன்மேல் கட்டினால் என்ன ஆகும் என்பதை யாரும் வீட்டுக் கணினியில் 20 வரி நிரலில் பார்த்துவிடலாம்.

100 பிட் எடுத்து, 0 அல்லது 1 என்று கண்டபடி நிரப்புங்கள். அதைப் பிரதி எடுத்து, பிரதியின் ஒவ்வொரு பிட்டையும் நூற்றில் ஒரு வாய்ப்பில் புரட்டுங்கள். பிரதியில் உள்ள 1-களை எண்ணுங்கள். பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் பிரதியை வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடுங்கள். பிறகு மறுபடியும் அதே வேலை. சுமார் 1,000 சுற்றில் நூறும் 1 ஆகிவிடும். சில ஓட்டத்தில் 700, சிலவற்றில் 1,500 ஆகும். கலைத்துக் கலைத்துப் போட்டால் 2-இன் 100-ஆம் அடுக்கு, அதாவது 1.27 பெருக்கல் 10-இன் 30-ஆம் அடுக்கு முயற்சிகள் வேண்டும். நொடிக்கு 100 கோடி முயற்சி என்றாலும் 40 லட்சம் கோடி ஆண்டு.

எங்கே கெடும்? முதலில் மாற்ற விகிதம், அதாவது ஒரு பிட் புரளும் வாய்ப்பு. 99 பிட் சரியாகி ஒன்று மட்டும் பாக்கி என்று வையுங்கள். அந்த ஒன்று புரளவேண்டும், மற்ற 99-உம் அசையக் கூடாது. விகிதம் 1 சதவீதமானால் இது சுமார் 270 சுற்றுக்கு ஒருமுறை நடக்கும். 10 சதவீதமாக ஏற்றினால் சுமார் 3.4 லட்சம் சுற்றுக்கு ஒருமுறை. 0.1 சதவீதமாக இறக்கினால் 1,100 சுற்றுக்கு ஒருமுறை. "வேகமாக நடக்கட்டும்" என்று விகிதத்தை ஏற்றிவிட்டு, 'பாருங்கள், பரிணாமம் நிற்கிறது' என்று படம் பிடித்துப் போடுபவர்கள் உண்டு. அவர்களிடம் முதலில் விகிதத்தைக் கேளுங்கள்.

இரண்டாவது, மதிப்பெண் போடும் முறை. நூறும் சரியானால்தான் 1, இல்லையென்றால் 0 என்று மாற்றிப் பாருங்கள். 2-இன் 100-ஆம் அடுக்கு அப்படியே திரும்பி வந்துவிடும். ஆகவே எதிர்த்தரப்பில் இருப்பவர் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி இதுதான்: இடையில் வரும் வடிவங்களுக்குப் பயன் இருந்ததா? இந்தக் கேள்விக்கு இயற்கையில்தான் பதில் தேட வேண்டும், நிரலால் சொல்ல முடியாது. உங்கள் துறையில் இதை எப்படிச் சந்தித்தீர்கள்? சொந்தக் கதை வேண்டாம். அளவும் செய்முறையும் எழுதுங்கள், படிப்பவர் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

குடுவை

உங்கள் நிரலைக் காட்டியதும் வரும் அடுத்த பதில் எல்லோருக்கும் தெரியும்: "நூறும் 1 ஆகவேண்டும் என்று இலக்கை நீங்களே வைத்துவிட்டீர்கள்." சரியான ஆட்சேபம். அதற்கு அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கியின் பாக்டீரியாக் குடுவைகளைக் காட்டலாம், அங்கே இலக்கு என்று எதுவும் இல்லை.

1988 பிப்ரவரி 24 அன்று ஒரே ஈ. கோலை (குடலில் வாழும் பாக்டீரியா) வகையிலிருந்து 12 குடுவைகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 10 மில்லி திரவம். லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளுக்கோஸ் மட்டுமே உணவு. தினமும் பழைய குடுவையிலிருந்து 0.1 மில்லி எடுத்து 9.9 மில்லி புதுத் திரவத்தில் விட வேண்டும். நூறில் ஒரு பங்கு மறுபடி நூறாகப் பெருக 6.64 முறை இரட்டிக்க வேண்டும், ஆக நாளுக்கு 6.64 தலைமுறை. 75 நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய 500 தலைமுறைக்கு ஒருமுறை, கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். உறைந்தவை சாவதில்லை. எந்தத் தலைமுறையையும் எழுப்பி இன்றைய சந்ததியோடு ஒரே குடுவையில் போட்டிக்கு விடலாம்.

போட்டியில் யார் யாரென்று எப்படித் தெரியும்? 12-இல் ஆறு அரபினோஸ் என்ற சர்க்கரையைப் பயன்படுத்தும், ஆறு பயன்படுத்தாது. டெட்ராசோலியம் என்ற நிறம் காட்டும் பொருள் கலந்த தட்டில் வளர்த்தால் பயன்படுத்தாதவை சிவப்பாகவும் பயன்படுத்துபவை வெளிறியும் தெரியும். மாற்றிவிடும்போதும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று மாறி மாறித்தான் செய்வார்கள். பக்கத்துக் குடுவையிலிருந்து ஒரு துளி தெறித்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு ஏற்பாடு இல்லாமல் இவ்வளவு ஆண்டுத் தரவை நம்பவே முடியாது.

இப்போது கணக்கு. இந்த பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி 46 லட்சம் எழுத்து. ஒரு பிரிவுக்கு ஒரு எழுத்து மாறும் வாய்ப்பு சுமார் 8.9 பெருக்கல் 10-இன் மைனஸ் 11-ஆம் அடுக்கு. முழுத் தொகுதிக்கும் பார்த்தால் ஏறக்குறைய 2,500 பிரிவுக்கு ஒரு மாற்றம். குடுவை நிறையும்போது சுமார் 50 கோடி செல். ஆக ஒரு நாளில் ஒரு குடுவையில் 2 லட்சம் மாற்றங்கள். 23 நாளில் அந்த 46 லட்சம் எழுத்துக்குச் சமமான மாற்றங்கள் வந்துவிடும். 'நல்ல மாற்றம் வர நேரம் போதாது' என்பவரிடம் இந்தப் பெருக்கலைக் காட்டினால் போதும். ஆனால் வந்த நல்ல மாற்றமெல்லாம் நிலைப்பதில்லை. 1927-இல் மரபியலாளர் ஹால்டேன் போட்ட கணக்குப்படி 1 சதவீத அனுகூலம் தரும் மாற்றம் நிலைத்து நிற்க வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான். மீதி தற்செயலாகவே அழியும். தற்செயலைப் பரிணாமம் ஒழித்துவிடுகிறது என்று நம் பக்கத்திலிருந்து யாராவது எழுதினால் அதையும் திருத்துங்கள்.

சிட்ரேட் விவகாரம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அந்தத் திரவத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் சிட்ரேட்டும் உண்டு. ஆக்ஸிஜன் இருக்கும்போது ஈ. கோலை அதைத் தின்னாது. அந்த இனத்தை அடையாளம் காணவே இந்தச் சோதனையைச் செய்வார்கள். 33,000 தலைமுறையை ஒட்டி ஒரு குடுவை மட்டும் திடீரென்று கலங்கலாக நின்றது. முதல் சந்தேகம் வேற்றுக் கிருமி. மரபணு அடையாளங்களைப் பார்த்து, அது அதே குடுவையின் வாரிசுதான் என்று உறுதி செய்த பிறகே 2008-இல் வெளியிட்டார்கள். சிட்ரேட்டைச் செல்லுக்குள் கொண்டுவரும், ஆக்ஸிஜன் இல்லாதபோது மட்டும் வேலை செய்யும் ஒரு கடத்திப் புரதத்தின் மரபணு இரட்டித்து, புதுப் பிரதி எப்போதும் இயங்கும் வேறொரு சுவிட்சுக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. உறைந்த மூதாதைகளை எழுப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தபோது 20,000 தலைமுறைக்குப் பிந்தியவற்றிலிருந்தே அந்தத் திறன் மீண்டும் வந்தது. அடித்தள மாற்றங்கள் முன்னதாகவே விழுந்திருக்க வேண்டும்.

2016-இல் வேறொரு குழு சிட்ரேட்டுக்காகவே நேரடியாகத் தேர்வு நடத்தி 100 தலைமுறைக்குள் அதே திறனை வரவழைத்தது. இதைக் காட்டி 'லென்ஸ்கி தோற்றார்' என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை. தினமும் குளுக்கோஸ் கிடைக்கும் இடத்தில் அரைகுறைச் சிட்ரேட் திறனுக்கு லாபம் குறைவு. பட்டினி போட்டு சிட்ரேட்டை மட்டும் முன்னால் வைத்தால் லாபம் அதிகம். தேர்வின் அழுத்தம் மாறினால் காலமும் மாறும்.

நொதிப்பட்டறை

கணக்குப்பிள்ளை கேட்ட இடைநிலைக் கேள்விக்குப் புரதத்தின் பக்கத்திலிருந்து.

இதே வகை வாதத்துக்கு உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் 1970-இல் பதில் சொன்னபோது, ஒரு நேரத்தில் ஒரே எழுத்தை மாற்றி, ஒவ்வொரு படியிலும் பொருளுள்ள சொல்லே இருக்கும்படி போகும் விளையாட்டைக் காட்டினார். தமிழிலும் ஆடலாம்: படம், பணம், மணம், மரம், வரம். 247 எழுத்தில் மூன்றெழுத்துக் கோவைகள் ஒன்றரைக் கோடி. பெரும்பாலானவை பொருளற்றவை. ஆனாலும் பொருளுள்ளவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் பாதை உண்டு. எத்தனை குப்பை என்று எண்ணுவதைவிட, நல்லதுக்குப் பக்கத்தில் நல்லது இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

குப்பையின் அளவும் சோதிக்கப்பட்டதுதான். 2001-இல் கீஃபும் ஷோஸ்டாக்கும் 80 அமினோ அமில நீளத்தில் கண்டபடி கோத்த 6 லட்சம் கோடி புரதங்களிலிருந்து செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைப் பற்றிக்கொள்ளும் நான்கு குடும்பங்களைப் பிரித்தெடுத்தார்கள். 10,000 கோடிக்கு ஒன்று என்ற கணக்கு அது. அரிதுதான், ஆனால் 10-இன் 130-ஆம் அடுக்குக்கு எங்கோ தூரம். பற்றிக்கொள்வது எளிய வேலை, வேதிவினையை முடுக்குவது கடினமானது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை மறைத்தால் அடுத்த பதிலில் மாட்டிக்கொள்வீர்கள்.

செய்து காட்டுவது என்றால் வேதியியலாளர் ஃபிரான்சிஸ் அர்னால்டின் வழி. 2018-இல் நோபல் பெற்றது இதற்காகத்தான். 1993-இல் சப்டிலிசின் என்ற நொதியை 60 சதவீத டைமெத்தில்ஃபார்மமைடு என்ற கரைப்பானில், மூல நொதியைவிட 256 மடங்கு நன்றாக வேலை செய்ய வைத்தார்கள். வழக்கமான செய்முறை: மரபணுவைப் பிரதி எடுக்கும் பி.சி.ஆர். முறையில் வேண்டுமென்றே பிழை வரவழைக்க வேண்டும். மெக்னீசியம் குளோரைடு 7 மில்லிமோலார், மாங்கனீசு குளோரைடு 0.5, டி.என்.ஏ. எழுத்துகளில் ஏ-யும் ஜி-யும் 0.2, சி-யும் டி-யும் 1 மில்லிமோலார் என்று சமனற்று வைப்பார்கள். ஒரு மரபணுவுக்கு ஒன்றிலிருந்து மூன்று மாற்றம் விழுவதுதான் குறி.

ஏன் அவ்வளவு குறைவு? 300 அமினோ அமிலப் புரதத்தில் ஒற்றை மாற்றங்கள் 19 பெருக்கல் 300, அதாவது 5,700. இரட்டை மாற்றங்கள் 1.6 கோடி. அதிலும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு கோடானிலிருந்து (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) போய்ச்சேரக்கூடிய அமினோ அமிலங்கள் சராசரியாக ஆறுதான். ஆகக் கைக்கெட்டுவது சுமார் 1,800. ஒவ்வொன்றையும் 95 சதவீத உறுதியோடு ஒருமுறையாவது பார்க்க மூன்று மடங்கு சோதிக்க வேண்டும், அதாவது 5,400. 96 குழித் தட்டில் 57 தட்டு. ஒரு மனிதரால் முடிகிற வேலை. ஒரே தாவலில் பத்து மாற்றத்தைப் பிடிப்பது யாராலும் முடியாது.

கெடுவது பெரும்பாலும் அளவீட்டில். ஒவ்வொரு தட்டிலும் சில குழிகளில் மாற்றாத மூல நொதியையே வையுங்கள். அந்தக் குழிகளுக்குள்ளேயே 15 சதவீத ஏற்ற இறக்கம் இருந்தால், 10 சதவீத முன்னேற்றம் உங்கள் கண்ணில் படவே படாது. நிறம் மாறும் போலி மூலப்பொருளை வைத்து வடிகட்டினால், அந்தப் போலியை வெட்டுவதில் தேர்ந்த நொதிதான் வரும். உண்மையான பொருளை முன்னால் வைத்ததும் படுத்துவிடும்.

கண்ணாடி

சின்னத் திருத்தம் ஒன்று, நம் தரப்பு ஆட்களுக்காக. "கண் எப்படி உருவானது என்பதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்" என்று 1994-இன் நில்சன்-பெல்கர் கட்டுரையைக் காட்டுகிறார்கள். அது கணினி ஓட்டமே இல்லை. தட்டையான ஒளியுணர் தோலிலிருந்து வில்லை உள்ள கண் வரை 1 சதவீத மாற்றங்களாக வெட்டி எண்ணினார்கள்: 1,829 படி. மொத்தப் பெருக்கம் 1.01-இன் 1,829-ஆம் அடுக்கு, சுமார் 8 கோடி மடங்கு. ஒரு தலைமுறைக்கு 0.005 சதவீத மாற்றம் என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்து வகுத்தால் சுமார் 3,64,000 தலைமுறை. கைக் கால்குலேட்டரில் மடக்கை போட்டுச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் பார்வைக் கூர்மை கூடுகிறது என்பதுதான் அதன் உயிர்நாடி. வேதியியல், நரம்பு இணைப்பு ஆகியவற்றை அது தொடவில்லை. இல்லாத கணினி மாதிரியை இருப்பதாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் அதையே பிடித்துக்கொள்வார்.

சால்டரிங்

இது தொழில்நுட்பப் பக்கம். "பரிணாமம் எதையும் வடிவமைத்துக் காட்டட்டும்" என்பவர்களுக்கு 2006 மார்ச்சில் விண்ணுக்குப் போன நாசாவின் எஸ்.டி.5 செயற்கைக்கோள்களுக்காகக் கணினியில் பரிணாம முறையில் உருவாக்கிய ஆன்டெனா போதும். வளைத்துப்போட்ட கம்பித்துண்டு மாதிரி இருக்கும். மனிதப் பொறியாளர் யாரும் வரையாத வடிவம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சசெக்ஸ் பல்கலையில் ஏட்ரியன் தாம்சன் 1996-இல் வெளியிட்ட சோதனை. மறுபடி மறுபடி இணைப்பை மாற்றக்கூடிய ஒரு மின்னணுச் சில்லில் 10-க்கு 10 கட்டங்கள் கொண்ட ஒரு மூலையை மட்டும் எடுத்தார். இணைப்புகளைக் குறிக்கும் 1,800 பிட் 'மரபணு', 50 உறுப்பினர் கூட்டம். 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் அலைகளைப் பிரித்தறிய வேண்டும், கடிகாரத் துடிப்பு கிடையாது. சில ஆயிரம் தலைமுறையில் கச்சிதமாகச் செய்தது. பிறகு எந்தக் கட்டங்கள் தேவையில்லை என்று ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். பாதை வழியாக வெளியீட்டோடு இணைப்பே இல்லாத சில கட்டங்களை முடக்கினாலும் சுற்று கெட்டது. அந்தச் சில்லின் சிலிக்கானுடைய சொந்தக் குணங்களை அது பயன்படுத்திக்கொண்டிருந்தது. அதே வடிவத்தைச் சில்லின் வேறு மூலைக்கு நகர்த்தினால் தரம் குறைந்தது. பரிணமித்தபோது இருந்த வெப்பநிலை வரம்பைத் தாண்டினாலும் தடுமாறியது.

நொதிப்பட்டறை சொன்ன போலி மூலப்பொருள் சிக்கலும் இதுவும் ஒன்றே. சசெக்ஸிலேயே 2002-இல் பேர்டும் லேஸெலும் அலையியற்றி (மின்னலையை உண்டாக்கும் சுற்று) ஒன்றைப் பரிணமிக்க வைக்கப் போய், பக்கத்துக் கணினிகளின் அலையை வாங்கிப் பெருக்கிக் கொடுக்கும் ரேடியோ கிடைத்தது. கேட்டது அலை, அலை வந்துவிட்டது. செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: தகுதி மதிப்பெண்ணை ஒரே சில்லில் ஒரே அறை வெப்பத்தில் எடுக்காதீர்கள். பல சில்லு, பல வெப்பநிலை, மாறும் மின்னழுத்தம் என்று சுழற்றி, வந்ததில் மிகக் குறைந்த மதிப்பெண்ணைக் கணக்கில் எடுங்கள். தலைமுறை கூடும், ஆனால் கிடைப்பது வெளியேயும் வேலை செய்யும்.

கணக்குப்பிள்ளை

சால்டரிங் சொன்ன அளவீட்டுச் சிக்கல் இல்லாத ஓர் இடம் கணிதம். அதனால்தான் வருங்காலத் தொழில்நுட்பம் பற்றிய பேச்சில் 2025 மே மாதம் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட ஆல்ஃபாஎவால்வ் முக்கியமாகிறது. மொழி மாதிரி நிரலில் மாற்றங்களை முன்வைக்கும், தானியங்கிச் சோதனை மதிப்பெண் போடும், நல்லவை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

4-க்கு 4 அணிகள் (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டங்கள்) இரண்டைப் பள்ளி முறையில் பெருக்க 64 பெருக்கல்கள் வேண்டும். கணிதர் ஸ்ட்ராசன் 1969-இல் 2-க்கு 2 அணிக்கு 7 போதும் என்று காட்டினார். அதை இருமுறை அடுக்கினால் 49. சிக்கலெண் அணிகளுக்கு இந்த எந்திரம் கண்டது 48. 'கணிதத்தைக் கணினி வென்றுவிட்டது' என்று இதைப் பகிர்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அணி பெரிதாகும்போது வேலை எவ்வளவு வேகமாகக் கூடும் என்பதைக் காட்டும் அடுக்கு 2.807-இலிருந்து 2.793-க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். கோட்பாட்டளவில் 2.38-க்கும் கீழே மனிதர்கள் எப்போதோ போய்விட்டார்கள். 0, 1 மட்டும் உள்ள (1-உம் 1-உம் கூட்டினால் 0 ஆகும்) எண்முறைக்கு 47 என்பதும் 2022-லேயே வந்துவிட்டது.

யாரையும் நம்ப வேண்டியதில்லை, நீங்களே சரிபார்க்கலாம். ஒவ்வொரு பெருக்கலுக்கும் 16 எண்கள் கொண்ட மூன்று வரிசை. மூன்றையும் வெளிப்பெருக்கம் செய்து (ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஓர் எண் எடுத்து எல்லா வகையிலும் பெருக்கி), 48-ஐயும் கூட்டினால் 16-க்கு 16-க்கு 16 கட்டம் வரும், அதாவது 4,096 எண்கள். அவற்றில் சரியாக 64 இடத்தில் 1, மற்ற 4,032 இடத்திலும் 0 இருக்க வேண்டும். மிதவைப் புள்ளி எண்களில் (கணினி தோராயமாக வைக்கும் தசம எண்கள்) போடாதீர்கள். 0.9999999 வந்தால் அது பிழையா வட்டமாக்கலா என்று குழம்புவீர்கள். பின்னங்களாகவும், மெய்ப்பகுதி கற்பனைப்பகுதி என்று தனித்தனியாகவும் வைத்து ஓட்டுங்கள். சாதாரண மடிக்கணினியிலேயே சில நொடியில் விடை வந்துவிடும்.