எடை போடப் போட டிஸ்க் படுத்துவிடுகிறது: ஐஆர்க்யூ 16 தகராறு

காங்கயம் எடைமேடை:
வணக்கமுங்க. காங்கயம் பக்கம் ஒரு எண்ணெய் மில்லில் எடைமேடைக் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டெபியன் 12 லினக்ஸ். எடை காட்டும் பெட்டியிலிருந்து வரும் சீரியல் வயர் பழைய பிசிஐ கார்டு ஒன்றில் சேர்கிறது. காலையில் எல்லாம் சரியாக ஓடும். கொப்பரை லோடு நாலைந்து ஏறி இறங்கியதும் மௌஸ் நகரும், ஆனால் பில் சேவ் ஆக ஒரு நிமிடம் ஆகிறது. ரீபூட் செய்தால் மறுபடி சரி. டிமெஸேஜில் (கெர்னல் எழுதும் பதிவு) 'ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு', அதாவது 16-ஆம் இன்டரப்ட் லைனில் கருவி ப்ராசஸரைக் கூப்பிட்டதை யாரும் கவனிக்கவில்லை என்று; அடுத்து 'டிசேபிளிங் ஐஆர்க்யூ 16', அதற்குக் கீழே ஏடிஏ1 (டிஸ்க்) டைம் அவுட் வரிசையாக. சாட்டா கேபிளை மாற்றினேன். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். இரண்டுக்கும் காசு கொடுத்த முதலாளி இப்போது என்னையே பார்க்கிறார்.

நொய்யல்கரை:
க்ரப்பில் (பூட் அமைப்பு) 'ஐஆர்க்யூபோல்' சேர்த்துப் பாருங்க. 'நோபடி கேர்டு' வரியின் கடைசியிலேயே அந்த ஆப்ஷனோடு பூட் செய்து பார் என்றுதானே சொல்கிறது?

பழைய சர்வீஸ்:
அது வலி மாத்திரை. டைமர் அடிக்கும்போதெல்லாம் எல்லா டிரைவரையும் தட்டி எழுப்பும்; வலி எங்கே என்று சொல்லாது. தம்பி, /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் 16-ஆம் வரியைப் போடுங்க.

காங்கயம் எடைமேடை:
'ஐஓ-ஏபிக் 16-ஃபாஸ்ட்இஓஐ', கடைசியில் ஏஹெச்சிஐ, டிடிஒய்எஸ்4 என்று இரண்டு பெயர்.

பழைய சர்வீஸ்:
பிடித்தாச்சு. டிஸ்க் கன்ட்ரோலரும் (ஏஹெச்சிஐ) சீரியல் கார்டும் (டிடிஒய்எஸ்4) ஒரே இன்டரப்ட் லைனில் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் போர்டில் பிசிஐ ஸ்லாட்டுக்குப் பின்னால் புதிய பிசிஐஇ-யையும் பழைய பிசிஐ-யையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் ஒன்று இருக்கும். இவற்றில் சில, கார்டு கூப்பிட்டதைச் சொல்லும். கூப்பிட்டு முடிந்ததைச் சொல்ல மறந்துவிடும். மில் கேட்டில் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காத மாதிரி. வாட்ச்மேன் வந்து வந்து பார்க்கிறார், வேலை ஒன்றும் இல்லை. 1,00,000 இன்டரப்டில் 99,900-க்கு மேல் எந்த டிரைவரும் தன்னுடையது என்று சொல்லாவிட்டால் கெர்னல் அந்த லைனையே அடைத்துவிடும். அப்புறம் டிஸ்க் நிஜமாகவே கூப்பிட்டாலும் உடனே கதவு திறக்காது; நொடிக்கு 10 தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி.

எனக்கு உறுத்துவது வேறு. ஏஹெச்சிஐ ஏன் அந்த லைனில் இருக்கிறது? இந்தக் காலத்து போர்டில் அது எம்எஸ்ஐ (லைன் இல்லாமல் மெஸேஜாகவே இன்டரப்ட் அனுப்பும் முறை) வழியாகப் போகவேண்டும். அதில் பங்காளியே கிடையாது. பூட் ஆப்ஷன்கள் இருக்கும் /ப்ராக்/சிஎம்டிலைன் பாருங்க, எம்எஸ்ஐ-யை அணைக்கும் 'பிசிஐ=நோஎம்எஸ்ஐ' இருக்கிறதா?

காங்கயம் எடைமேடை:
இருக்குதுங்ணா! முதன்முதலில் கணினியை அமைத்துக் கொடுத்தவர் போட்டிருக்கிறார், எதற்கென்று தெரியாது. எடுத்துவிட்டு அப்டேட்-க்ரப் கொடுத்து ரீபூட் செய்தேன். ஏஹெச்சிஐ இப்போது பிசிஐ-எம்எஸ்ஐ என்று தனியாகத் தெரிகிறது. மூன்று நாளாக டிஸ்க் நிற்கவில்லை.

ஆனால் மதியத்துக்கு மேல் எடை உடைந்து வருகிறது. 24,580 கிலோ வண்டிக்கு 580 என்று ஒரு பில் போய்விட்டது.

பழைய சர்வீஸ்:
நோய் அங்கேயேதான் இருக்கிறது, டிஸ்க் மட்டும் தப்பித்தது. 16-ஆம் லைன் அடைபட்டதும் சீரியல் கார்டுக்கும் நொடிக்கு 10 தடவைதான் கவனிப்பு. 9600 பாட் வேகத்தில் அந்த இடைவெளிக்குள் 96 எழுத்து வரை வரலாம். சாதாரண சீரியல் சிப்பின் ஃபிஃபோ (எழுத்துகள் காத்திருக்கும் இடம்) பிடிப்பது 16. மிச்சம் சிந்திவிடும். கார்டைக் கழற்றிவிட்டு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் போடுங்க. மென்பொருளில் போர்ட் பெயராக டிடிஒய்யூஎஸ்பி0 என்று கொடுக்காதீங்க, பிடுங்கிச் செருகினால் அந்த எண் மாறலாம். /டெவ்/சீரியல்/பை-ஐடி கீழே இருக்கும் நீளப் பெயரைக் கொடுங்க.

நொய்யல்கரை:
நானும் என் கணினியில் நோஎம்எஸ்ஐ போட்டு வைத்திருக்கிறேன். எதற்குப் போட்டேன் என்பதே மறந்துவிட்டது. இன்றைக்கு ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன்.

காங்கயம் எடைமேடை:
ஈரோடு போன மாப்பிள்ளை கன்வெர்ட்டர் வாங்கி வந்தார். இன்று 19 லோடு, ஒரு எடையும் உடையவில்லை, டிமெஸேஜில் 16 பற்றிப் பேச்சே இல்லை. ரொம்ப நன்றிங்ணா. கழற்றி வைத்த ஹார்டு டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது. பேக்கப்புக்குப் போட்டுவிட்டு, எஸ்எஸ்டி வாங்கியதே அதற்காகத்தான் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.