மூன்றாம் தொகுதிக்குக் கட்டட நிர்மாணமா, ஐசிடியா?

மழைக்காட்டு_அம்மா:
மகள் அடுத்த வருஷம் தரம் 10. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு தொழினுட்பப் பாடம் தெரிவு செய்கிற மூன்றாம் தொகுதியில் என்ன பாடம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கேட்கிறார்கள். அவளுக்கு வடிவமைப்பும் கட்டட நிர்மாணத் தொழினுட்பவியலும் என்ற பாடம்தான் வேண்டுமாம், அவளுடைய மாமாவோ ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்) எடுக்கச் சொல்கிறார். வீட்டில் ஒரே சண்டை. நாங்கள் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீபோர்ட்_தம்பி:
ஐசிடிதான் அக்கா, யோசிக்கவே வேண்டாம். இரண்டும் ஒரே தொகுதி, ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு. நாளைக்கு உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்க நினைத்தாலும் சாதாரண தரத்தில் இந்தப் பாடம் செய்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அப்படியிருக்க எதற்கு இரண்டு வருஷம் செங்கல் கட்டு வரைய வேண்டும்? தோட்டத்துப் பிள்ளை என்றாலே கைத்தொழில் பக்கம் தள்ளிவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

மேசன்_மகன்:
யார் தம்பி தள்ளிவிட்டது? பிள்ளை தானாகக் கேட்கிறாள் என்றுதானே அக்கா எழுதியிருக்கிறார். அப்புறம், அது செங்கல் அடுக்குகிற பாடம் மட்டும் இல்லை. 1:100 அளவிடையில் வீட்டுப் பிளான் வரையவும், அத்திவாரம் ஏன் அந்த அகலம் என்று யோசிக்கவும் பழக்குகிறது. எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) மேலே மண் சரியாமல் இருக்க ஒரு கல் மதில் கட்டினார்கள், தண்ணீர் வெளியே வர ஒரு பைப் துண்டுகூட வைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு மண் ஊறி, மதில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அங்கங்கே பிவிசி பைப் செருகி, பின்னால் சல்லிக்கல் போட்டிருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும். இப்போது 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் பின்பக்கச் சரிவை வெட்டி அறை கூட்டுகிறார்கள், இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

கீபோர்ட்_தம்பி:
அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே அண்ணே. 15 வயதுப் பிள்ளை சொன்னால் எந்த மேசன் பாஸ் கேட்பார்?

மேசன்_மகன்:
சொந்த வீட்டில் அவளுடைய அப்பா கேட்பார். அது போதும்.

கொட்டகலை_டீச்சர்:
பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று இரண்டு பேரும் கேட்கவே இல்லையே! தமிழ் மொழிமூலத்தில் தொழினுட்பப் பாடங்களுக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. வேறு பாட ஆசிரியர் வந்து நோட்ஸ் வாசித்துவிட்டுப் போனால் பிள்ளை என்னத்தை வரையும்? ஐசிடியும் அப்படித்தான், கணினி அறை பூட்டியே கிடக்கிற பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும். முதலில் வரைபலகை எத்தனை இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளை என்றதும் மனைப் பொருளியலில் பெயரை எழுதிவிடுவார்கள், அதிலும் கவனம்.

மேசன்_மகன்:
கேட்கிற பிள்ளையே இல்லையென்றால் ஆசிரியரை எதற்கு அனுப்பப் போகிறார்கள் டீச்சர்?

கீபோர்ட்_தம்பி:
அதற்கு அக்காவின் மகளை வைத்தா போராட்டம் நடத்துவது?

மழைக்காட்டு_அம்மா:
அதிபரிடம் கேட்டேன். கட்டட நிர்மாணத்துக்கு ஆள் இல்லை, வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் என்ற பாடத்துக்கு ஒரு சேர் இருக்கிறாராம். அதுவும் சரி என்கிறாள் மகள், பெக்டரியில் ரோலர் எப்படிக் கொழுந்தை உருட்டுகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை. மாமா இன்னும் ஐசிடிதான்.

கீபோர்ட்_தம்பி:
நானும் மாமா பக்கம்தான் அக்கா. ரோலரை யூடியூபிலும் பார்க்கலாம்.