குடோன் கணக்கை கிளவுடில் ஏற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மாதவரம், மருந்து குடோன்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்களுடையது மருந்து குடோன். கம்பெனிகளிலிருந்து லோடு வரும், இறக்கி வைத்து, ஸ்டாக்கிஸ்ட்டுகளுக்கு (மருந்து மொத்த வியாபாரிகளுக்கு) பில் போட்டு அனுப்புவோம். முன்பெல்லாம் ஆபீஸ் அறையில் ஒரு சர்வர், குடோனுக்குள் ஒரு நோட்டு, அவ்வளவுதான். இறங்கிய சரக்கு நோட்டில் ஏறும், சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டுவார். அதுவரை கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, ரேக்கில் ஒரு கணக்கு. வெளியூரிலிருந்து போன் வந்து "அந்த மாத்திரை இருக்கிறதா" என்று கேட்டால், ஆள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பதில் சொல்ல முடியும்.

கிளவுடுக்கு, அதாவது கணக்கை இணையம் வழியாக வெளியே ஒரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கும் முறைக்கு, மாறிய பிறகு எது நன்றாக ஆயிற்று என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன்: சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே, அதைத் தொடுகிற ஆளே பதிவு போடுகிறார். லாரியிலிருந்து பெட்டி இறங்கும்போது ஒரு ஸ்கேன், ரேக்கில் வைக்கும்போது ஒரு ஸ்கேன், எடுக்கும்போது ஒன்று. ஆபீஸில் இருப்பவரும், வெளியூரில் இருக்கும் சேல்ஸ் ஆளும், கம்பெனிக்காரரும் அந்த நிமிடமே ஒரே எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஸ்கேனை ரேக் முன்னால் செய்யாமல், பெட்டியை வைத்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்து மொத்தமாகச் செய்தால், எத்தனை லட்சம் கொட்டி வாங்கின மென்பொருளாக இருந்தாலும் அதுவும் பழைய நோட்டுதான். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மருந்தில் முதலில் வந்ததை முதலில் அனுப்புவது என்ற வழக்கம் சரிப்படாது, முதலில் காலாவதியாவதுதான் முதலில் போக வேண்டும். நேற்று இறங்கிய லோடில் போன மாதம் வந்ததை விடச் சீக்கிரம் காலாவதியாகும் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) இருக்கலாம். கை எட்டுகிற பெட்டியை எடுப்பதுதான் யாருக்கும் இயல்பு, அதைக் குற்றம் சொல்ல முடியாது. இப்போது எடுக்கப் போகிறவர் கையில் இருக்கும் ஸ்கேனர் எந்த ரேக், எந்தத் தட்டு, எந்த பேட்ச் என்று காட்டுகிறது, வேறு பேட்ச்சை ஸ்கேன் செய்தால் ஏற்றுக்கொள்ளாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயம், அதிலேயே பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் வந்துவிடுகின்றன. மற்றவற்றுக்குச் சரக்கு உள்ளே வரும்போதே நாங்கள் சொந்த லேபிள் அடித்து ஒட்டிவிடுகிறோம்.

அப்புறம் குளிர் அறை. இன்சுலின், தடுப்பூசி வகையறா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் இன்சுலின் வீண்தான் என்பது பலர் மனதில் ஏறுவதில்லை. அறை நடுவே ஒரே சென்சாரை மாட்டி 5 டிகிரி காட்டுகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். குளிர் காற்று ஊதும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் மேல் தட்டில் ஒன்று வையுங்கள். எங்கள் அறையில் நடுவில் 5 காட்டும்போது அந்த மூலை 2-க்குக் கீழே போய்ப் போய் வந்தது, அந்தத் தட்டில் இப்போது எதுவும் வைப்பதில்லை. எச்சரிக்கை எப்போது வரவேண்டும் என்பதையும் யோசித்து வையுங்கள். கதவைத் திறந்தாலே போன் அடித்தால் பையன்கள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், நிஜமாகவே மெஷின் நிற்கும் ராத்திரியில் யாருக்கும் தெரியாது. தொடர்ந்து சில நிமிடம் வெப்பம் ஏறியே இருந்தால் மட்டும் முதலில் வாட்ச்மேனுக்கு, அவர் எடுக்காவிட்டால் எனக்கு என்று வைத்திருக்கிறோம்.

கடைசியாக நெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பக்கத்தில் ஒரு குடோனில் தண்ணீர் புகுந்து தரையோடு வைத்திருந்த சர்வர் போயிற்று, கணக்கை பில் கட்டுகளிலிருந்து திரும்ப எழுதினார்கள், பார்க்கவே பாவமாக இருந்தது. எங்கள் கணக்கு பத்திரம். ஆனால் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை, பத்திரமாக இருக்கும் கணக்கை எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் விற்க வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்: நெட் போனால் ஸ்கேனர் என்ன செய்யும்? நெட் வந்ததும் தானே அனுப்பும் என்பார். அவர் எதிரிலேயே வைஃபையை அணைத்து, கொஞ்சம் பெட்டிகளை ஸ்கேன் செய்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

நாமக்கல், லாரி டிரான்ஸ்போர்ட்:

மாதவரம் அண்ணன் குடோன் பக்கம் சொல்லிவிட்டார், நான் ரோடு பக்கம் சொல்கிறேன். எங்களுக்குக் கிளவுடில் பெரிய லாபம் ஜிபிஎஸ் மேப் இல்லை. வண்டி எங்கே என்று டிரைவருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். பிஓடியில்தான், அதாவது சரக்கு ஒப்படைத்ததற்கான அத்தாட்சித் தாளில்தான் லாபம். சரக்கு இறங்கிய பிறகு பார்ட்டி கையெழுத்துப் போட்ட தாள் டிரைவரின் டேஷ்போர்டில் கிடந்து, அடுத்த லோடு ஏற்றி வேறு ஊர் சுற்றி, நனைந்து கசங்கி எங்களுக்கு வந்து சேரும் வரை வாடகை பில் போட முடியாது. பணம் முடங்குவது அங்கேதான். இப்போது பார்ட்டி குடோன் வாசலிலேயே டிரைவர் படம் எடுத்து ஏற்றிவிடுகிறார், அன்றைக்கே பில். ஒரு விஷயம், டேமேஜ் இருந்தால் பார்ட்டி தாளின் பின்பக்கம்தான் எழுதுவார். இரண்டு பக்கமும் படம் எடுத்தால்தான் டிரிப் முடியும் என்று ஆப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈ-வே பில், சரக்கு வண்டியில் போகும்போது கூட இருக்க வேண்டிய ஜிஎஸ்டி மின் சீட்டு. அது செல்லும் காலம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வண்டி வழியில் நின்று வேறு வண்டிக்கு லோடு மாற்றினால் புது வண்டி எண்ணை அந்த பில்லில் வண்டி விவரம் இருக்கும் பகுதி பி-யில் மாற்றியாக வேண்டும். காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ முடிந்து 8 மணி நேரத்துக்குள்ளோதான் நீட்டிக்க முடியும். தவறவிட்டு செக்கிங்கில் மாட்டினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். முன்பு இதையெல்லாம் ஆபீஸ் பெண் ஒருவர் மனப்பாடமாக வைத்திருந்தார், அவர் லீவு போட்டால் எங்களுக்குப் பயம்தான். இப்போது வண்டி இருக்கும் இடத்தையும் பில் முடியும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்து, இந்த வண்டி போய்ச் சேராது என்று முன்கூட்டியே சொல்கிறது. 2022 செப்டம்பரில் மத்திய அரசின் லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு வந்த யூலிப் தளத்தில் பாஸ்டேக், வண்டிப் பதிவு, டிரைவர் லைசென்ஸ் விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஜிபிஎஸ் இல்லாத வாடகை வண்டியாக இருந்தாலும் எந்த டோல்கேட்டைத் தாண்டியது என்று தெரிந்துவிடும்.

டிரைவர்களுக்கு ஒரே ஆப் கொடுங்கள், தயவுசெய்து. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆப்பை ஏற்றச் சொன்னால் வண்டி ஓட்டுகிற மனுஷன் என்ன செய்வார்.

திருப்பூர், பின்னலாடை:

எங்கள் ஊர் கதை வேறுங்க. குடோனுக்குள் இருப்பதை விட வெளியே இருக்கும் சரக்குதான் எங்களுக்கு அதிகம். நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அமுக்குவது), பிரிண்டிங், பிறகு தையல். ஒவ்வொரு இடத்திலும் எடை மாறும். 100 கிலோ போனால் 100 கிலோ வராது, எவ்வளவு குறைந்தது, அது நியாயமான சேதாரம்தானா என்பதில்தான் சண்டையே. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது இப்படி வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி, டெலிவரி சலானைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

நாங்கள் செய்தது சின்ன வேலை. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு லேபிள், பட்டறைக்காரர் தன் போனிலேயே வரவும் எடையும் போடுகிறார், எங்களுக்கும் அவருக்கும் ஒரே பக்கம் தெரிகிறது. முதலில் அவர்களுக்குச் சந்தேகம், நம்மைக் கண்காணிக்கிறார்களோ என்று. அவர்களுடைய கூலி பில்லையும் அதே எடையிலிருந்து உடனே பாஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் மனசோடு போட்டார்கள். எதிராளிக்கும் ஆதாயம் இருந்தால்தான் பதிவு ஒழுங்காக வரும், இதை அனுபவத்தில் பார்த்தது.

ஒரு வருத்தமும் உண்டு. முதலில் எடுத்த சேவையை விட்டு மாறலாம் என்று எங்கள் தகவலைக் கேட்டபோது பிடிஎஃப்-ஆக அள்ளிக் கொடுத்தார்கள். அதை வைத்து என்ன செய்வது? ஒவ்வொரு ரோலையும் ஆள் வைத்துத் தட்ட வேண்டியதாயிற்று. மாதவரம் அண்ணா, நீங்கள் இதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?

மாதவரம், மருந்து குடோன்:

நல்ல கேள்வி தம்பி. ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டோம்: முழுத் தகவலும் எக்ஸெல்லில் திறக்கும்படி, நாங்கள் எப்போது வேண்டுமானாலும் எங்கள் கையாலேயே இறக்கிக்கொள்ளலாம், சேவையை நிறுத்திய பிறகும் குறிப்பிட்ட காலம் வரை கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் ஸ்டாக், பேட்ச், காலாவதி, ரேக் எண் நான்கும் இருக்கும் பட்டியலை இறக்கித் தனி ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறோம். இறக்கினால் போதாது, திறந்து பார்த்து, நாலைந்து பேட்ச்சை ரேக்கில் போய் ஒப்பிட வேண்டும். உங்களுக்கு என்றால் சலான் எண்ணும் ரோல் எடையும் அந்தப் பட்டியலில் கட்டாயம் வரும்படி கேளுங்கள், பல சேவைகளில் மொத்த எடை மட்டும்தான் வரும்.