தொகுப்பு வீட்டுக் கூரை பழுது: உங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

தொகுப்பு வீட்டுக்காரன்:
எங்கள் வீடு இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் தாத்தாவுக்குக் கிடைத்தது. கூரைத் தளத்தின் கீழ்ப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது. மழை வந்தால் கட்டிலை நகர்த்துவோம். அதுதான் நாங்கள் பார்த்த பராமரிப்பு. 2024-இல் தமிழக அரசு ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தது. 2000-01க்கு முன்பு அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளைச் சுமார் ரூ.2,000 கோடியில் சரிசெய்வதாகச் சொன்னார்கள். எங்கள் வீடும் அந்தக் கணக்குக்குள் வந்தது.

பணம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. ஆனால் கூரை எவ்வளவு மோசம் என்பதை யாரும் முதலில் கேட்கவில்லை. வீடு யார் பேரில் இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். வீட்டுமனைப் பட்டா தாத்தா பேரில். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பாட்டியும் இல்லை. அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் ஆகிய எல்லாருக்கும் சேர்த்து வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்றவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். பெரிய அத்தைக்கும் அப்பாவுக்கும் பேச்சே இல்லாத நேரம் அது. நான்தான் போனேன். "கையெழுத்துப் போட்டுட்டா என் பங்கு போயிடுமாடா?" என்றார் அத்தை. நியாயமான கேள்விதானே? இது பழுதுபார்க்க மட்டும், பங்கு பிரிப்பு இல்லை என்று அந்தத் தாளிலேயே எழுதிக் காட்டிய பிறகு போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொன்னார். அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ஓவர்சியர் வந்து அளந்தார். சிறு பழுது, பெரும் பழுது என்று பிரிக்கிறார்கள். எதில் எழுதுகிறாரோ அதை வைத்துத்தான் தொகை. அவர் வரும் நாளில் கட்டாயம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். உள்ளே கூட்டிப்போய் அறை அறையாகக் காட்டுங்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, வாசலில் நின்று பார்த்து எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்களைவிட மோசமான தளம், அதற்குச் சிறு பழுது!

வேலை நடக்க நடக்கத்தான் கணக்கில் பணம் ஏறியது. அதனால் ஆரம்பச் செலவுக்கு அம்மாவின் வளையலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தோம். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. உங்கள் ஊரில் எப்படி நடந்தது, எழுதுங்கள்.

நாட்டு ஓடு:
எங்களுடையது சொந்தக் காசில் கட்டிய ஓட்டு வீடு, அதனால் அந்தத் திட்டத்துக்குள் வராது. 2018 நவம்பர் கஜா புயலில் ஒரு பக்க ஓடு மொத்தமும் போனது, ரீப்பரும் ஒடிந்தது. பலர் நேராக ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினார்கள். புயல், வெள்ளச் சேதம் என்றால் அது வருவாய்த்துறை வேலை. கிராம நிர்வாக அலுவலர் பார்த்து எழுதி, தாசில்தார் அலுவலகம் வழியாக வர வேண்டும்.

தொகையைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதிமுறைப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமான கெட்டி வீட்டுக்கு ரூ.6,500, மண், ஓலை போன்றவற்றால் கட்டிய கச்சா வீட்டுக்கு ரூ.4,000. முழுதாக இடிந்தால் சமவெளியில் ரூ.1.20 லட்சம். குடிசைகளுக்கு மாநில அரசு சில சமயம் கூட்டித் தருகிறது. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு ரூ.10,000 அறிவித்தார்கள். பகுதி சேதத்துக்கு வரும் பணம் ஆள் கூலிக்கே காணாது. இருந்தாலும் விடாதீர்கள். உடைந்த ஓட்டை வாரிக் கொட்டுவதற்கு முன்னால் படம் எடுத்து வையுங்கள். எங்கள் தெருவில் சுத்தமாக இருக்கட்டும் என்று உடனே கூட்டி அள்ளிய வீடுகளுக்குத்தான் "சேதம் தெரியவில்லையே" என்ற பதில் கிடைத்தது.

கொத்தனார் மகள்:
பணம் வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். அப்பா இந்த மாதிரி வீடுகளில் நிறைய வேலை பார்த்தவர். தளம் பெயர்வதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கம்பி. மேலே தேங்கும் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், அது காங்கிரீட்டைக் கீழே தள்ளும். துருவைச் சுரண்டாமல் மேலாகப் பூசினால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சோடு சேர்ந்து விழும். மேல்தளத்தில் சுருக்கியும் (தண்ணீர் இறங்காமல் மேலே போடும் சுண்ணாம்புப் பூச்சு) தண்ணீர் ஓட வேண்டிய வாட்டமும் சரியில்லை என்றால் கீழே என்ன செய்தும் வீண். அதனால் மதிப்பீடு எழுதும்போதே மேல்தள வேலையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் இல்லாத வேலைக்கு அப்புறம் பணம் கேட்க முடியாது. அப்பாவிடம் பலர் "பார்வைக்குத் தெரியற மாதிரி பூசிக் குடுங்க, படம் எடுக்கணும்" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் திட்டிக்கொண்டே போய்விடுவார்.

கணக்குப்பிள்ளை:
திட்டம், நிவாரணம் இரண்டிலும் வராதவர்களுக்கு வங்கியில் வீடு புதுப்பிப்புக் கடன் இருக்கிறது. பழைய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவர்கள் அதன் வட்டியில் வருடத்துக்கு ரூ.30,000 வரை கழிக்கலாம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் பாரத் கிரஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீடும் கிடைக்கிறது. புயல், வெள்ளம், தீ என்றால் பணம் உண்டு. பழமையால் ஒழுகுவதற்குக் கிடையாது. விற்பவர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டார்கள்.

ஓரத்து வீடு:
எங்கள் தொகுப்பு வீட்டில் சுவரே விரிந்துவிட்டது. பழுதுபார்ப்பில் எழுத முடியாது என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா?

தொகுப்பு வீட்டுக்காரன்:
இருக்கிறது. சரிசெய்ய முடியாத பழைய அரசு வீடுகளைப் புதிதாகக் கட்ட 2025-26 பட்ஜெட்டில் 25,000 வீடுகளுக்கு ரூ.600 கோடி ஒதுக்கினார்கள். முதல்வரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் என்று கேளுங்கள். பழுதுபார்க்க முடியாது என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கிராம சபையிலும் மனுவாகக் கொடுத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்குள் வீட்டு வரி ரசீதும் பட்டாவும் யார் பேரில் இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள். சுவர் விரிந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.