பொம்மைத் துணி என்று கொடுத்துவிட்டார் (நோட்கெல்ட் அனுபவங்கள்: முதல் உலகப்போர் காலத்திலும் அதன் பின்னும் ஜெர்மன் நகரங்கள் அச்சிட்ட அவசரகாலப் பணம்)

பழையநோட்டு:
ஹனோவர் பழைய சாமான் சந்தை, போன கோடை. ஹாமெல்ன் நகரத்தின் குழலூதி கதைப் படம் போட்ட நோட்டுகளுக்காக ஒரு பெரியவரிடம் ஆல்பம் வாங்கினேன். பணம் கொடுத்த பிறகு பின்னுறையிலிருந்து ஒரு துணி நழுவியது. "அம்மா பொம்மைக்கு வைத்திருந்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நான்காக மடித்து என் உள்ளங்கையில் வைத்தார். தொட்டவுடன் தெரிந்துவிட்டது. பீலஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கி பட்டுத் துணியில் அச்சிட்ட நோட்டு, 1921. ஓரத்தில் சரிகை கூட இருந்தது. இது என்னவென்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த மடிப்பை நான் இன்னும் பிரிக்கவில்லை.

செர்ரித்திருவிழா:
இதில் என்ன தப்பு? அவராகவே கொடுத்தார். அதோடு பட்டு நோட்டை வைத்து யாரும் ரொட்டி வாங்கவில்லை. 1921, 22 படத்தொடர்களில் முக்கால்வாசி நம்மைப் போன்றவர்களுக்கு விற்கவே அச்சானவை. வாங்கியவர் அதை உண்மைப் பணமாக மாற்றத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் நகராட்சிக்கு லாபம். எனக்கு மனதில் நிற்பது வேறு. நௌம்பர்க் நகரத்தின் தொடர், வால்டர் ஹேகெ என்ற கலைஞர் செய்த நிழலுரு நோட்டுகள். ஊரை முற்றுகையிட்ட ஹுஸ்ஸைட் (பொஹீமியச் சமயக் கிளர்ச்சியாளர்) படைத்தலைவனிடம், ஊரை விட்டுவிடும்படி பிள்ளைகள் கெஞ்சுகிற கதை தெரியுமே. விற்றவர் பெஞ்சில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு, அடுத்ததைத் தள்ளி வைத்தார். "அது என் அண்ணனிடம் இருக்கிறது, பேசுவதில்லை" என்றார். அந்தக் காலி இடத்தோடுதான் வாங்கினேன்.

வடக்குக்கடல்:
செர்ரி, விற்க அச்சிட்டது என்பதால் சொல்லாமல் வாங்கிக்கொள்ளலாமா? அவருக்கு அது அம்மாவின் துணி. எனக்கு மனதில் நிற்பது ரொய்ட்டர் பணம், எழுத்தாளர் ஃபிரிட்ஸ் ரொய்ட்டர் பெயரில் 1922இல் வடஜெர்மனியின் மெக்லென்பர்க் ஊர்கள் வெளியிட்டது. ஷ்வெரின் கடைக்கார அம்மா அதிலிருந்த வரியைத் தாழ்ஜெர்மனில் (வடஜெர்மனியின் வட்டார மொழி) சத்தமாக வாசித்தார், அவ்வளவுதான்.

பழையநோட்டு, முதலில் அந்த மடிப்பைப் பிரியுங்கள். பட்டு மடிப்பிலேதான் கிழியும். இஸ்திரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டால் காலப்போக்கில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத தாள் இரண்டுக்கு நடுவில் தட்டையாக, வெயில் படாமல் வையுங்கள். செலோடேப் பக்கமே போகாதீர்கள். சரிகை ஓரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் அட்டை கொடுத்துத் தூக்குங்கள். அப்புறம் அந்தச் சந்தைக்குப் போய்ப் பெரியவரைத் தேடுங்கள். நோட்டையும் அட்டையோடு எடுத்துப் போங்கள்.