போர்ட் எல்லாம் திறந்தும் பிஎஸ்5 நேட் டைப் 3 என்றே காட்டுகிறது, உதவுங்கள்

ராத்திரி ராஜா:
பிஎஸ்5 கேம் கன்சோலில் இணையச் சோதனை போட்டால் வேகம் நன்றாகவே வருகிறது, ஆனால் நேட் (ஒரே பொது ஐபி முகவரியை வீட்டின் கருவிகளுக்கு ரவுட்டர் பங்கிடும் முறை) டைப் 3, அதாவது கெடுபிடி அதிகமான வகை. தனியாக ஆடினால் மேட்ச் கிடைத்துவிடுகிறது. பார்ட்டியில் (நண்பர்கள் பேசிக்கொண்டே ஆடும் குழு) சேர்ந்தால்தான் தொல்லை, ஒருத்தனுக்கு என் குரல் கேட்கிறது, இன்னொருத்தனுக்குக் கேட்பதே இல்லை, லாபிக்குள் (ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் இடம்) வந்ததும் யாராவது வெளியே விழுந்துவிடுகிறார்கள். இணைய நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து என் சொந்த ரவுட்டரில் கொடுத்திருக்கிறேன், கன்சோல் அந்த ரவுட்டரில். அதில் யுபிஎன்பி (கன்சோலே ரவுட்டரிடம் கேட்டு போர்ட் திறந்துகொள்ளும் வசதி) ஆன், யுடிபி போர்ட்டுகள் (இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்கள்) 3074, 3478, 3479 எல்லாம் கன்சோலுக்கு ஃபார்வர்டு செய்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. டிஎம்இசட் (எல்லா போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும் அமைப்பு) போட்டுவிடச் சொல்கிறார்கள், போடலாமா?

கம்பிவலை:
டிஎம்இசட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். பெட்டி இரண்டு என்றீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். உங்கள் ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் ஸ்டேட்டஸ் பகுதியில் இன்டர்நெட் ஐபி என்று ஓர் எண் இருக்கும், அது 192.168 என்றோ 10 என்றோ 172.16 முதல் 172.31 வரை ஏதாவது ஒன்றிலோ தொடங்கினால் உங்களுக்கு இரட்டை நேட், அதாவது இரண்டு பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நேட் செய்கின்றன. நீங்கள் திறந்தது உள்கதவு, வாசல் கதவு ஃபைபர் பெட்டியில் இன்னும் பூட்டியே இருக்கிறது. யுபிஎன்பியும் உதவாது, கன்சோல் தனக்கு அடுத்திருக்கும் ரவுட்டரிடம் மட்டும்தான் போர்ட் கேட்கும், அதற்கு மேலே இன்னொரு பெட்டி இருப்பது அதற்குத் தெரியாது.

ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றுங்கள், பல இணைப்புகளில் அதற்கு நிறுவனத்திடம் பிபிபிஓஇ (இணையத்துக்குள் லாகின் செய்யும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு வாங்கி உங்கள் ரவுட்டரில் போட வேண்டியிருக்கும். அது முடியாது என்றால் உங்கள் ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் (நேட் செய்யாமல் வைஃபையும் கேபிள் இணைப்பும் மட்டும் தரும் நிலை) போடுங்கள், அப்போது யுபிஎன்பியை ஃபைபர் பெட்டியில் ஆன் செய்ய வேண்டும்.

லேக்கில்லா லோகு:
மேலே சொன்னது சரி. கூடவே ஒன்று, ஃபைபர் பெட்டியின் இன்டர்நெட் ஐபியையும் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது சிஜிநேட், அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் எதை மாற்றினாலும் போர்ட் திறக்காது, நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுத்தான் ஆக வேண்டும். மாறாத ஸ்டாட்டிக் ஐபிதான் வேண்டும் என்றில்லை, பொது ஐபியாக இருந்தாலே போதும்.

ஒருத்தனுக்குக் கேட்டு இன்னொருத்தனுக்குக் கேட்காததற்கும் காரணம் இருக்கிறது. பார்ட்டியில் கன்சோல்கள் பெரும்பாலும் நேரடியாக ஒன்றோடொன்று பேச முயலும், அதனால் மறுமுனையில் இருக்கும் நண்பனின் நேட்டும் கணக்கில் வரும். அவனுடையது தாராளமாக இருந்தால் ஓடிவிடும், இரண்டு பக்கமும் கெடுபிடி என்றால் நின்றுவிடும். டைப் 2 வந்தால் போதும், ரவுட்டர் வழியாகப் போகிறவர்களுக்கு வர வேண்டியதே அதுதான். டைப் 1-ஐ (ரவுட்டர் இல்லாமல் நேரடி இணைப்பு) துரத்தாதீர்கள்.

ராத்திரி ராஜா:
ரொம்ப நன்றி. ரவுட்டரில் 192.168.1.4 என்று இருந்தது, ஃபைபர் பெட்டியில் பொது ஐபிதான். பிரிட்ஜ் மோடு அந்தப் பெட்டியின் மெனுவிலேயே இல்லை, அதனால் ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் போட்டேன், உடனே டைப் 2! எல்லோர் குரலும் கேட்கிறது. இப்போது ஒன்றே ஒன்று, வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு செய்தால் ஆட்டம் இழுக்கிறது. என் ரவுட்டரில் இருந்த கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று ஒழுங்குபடுத்தும் வசதி) மெனுவையும் காணோம்.

கம்பிவலை:
ஆக்ஸஸ் பாயின்ட் மோடில் பெரும்பாலான ரவுட்டர்களில் அது மறைந்துவிடும், போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது இனி ஃபைபர் பெட்டியின் வேலை. அப்லோடு முழுவதும் நிரம்பும்போது பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) வரிசையில் காத்துக் கிடக்கின்றன, பிங் (தரவு போய்வர ஆகும் நேரம்) ஏறுவது அதனால்தான், வேகம் கூடிய பிளானுக்கு மாறினாலும் இது முழுவதும் தீராமல் போகலாம். ஃபைபர் பெட்டியில் கியூஓஎஸ் இருந்தால் அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையை அழைத்து பிரிட்ஜ் மோடைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பல நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலிருந்தே மாற்றிக் கொடுப்பார்கள். மாறியதும் உங்கள் ரவுட்டரைப் பழையபடி ரவுட்டர் மோடுக்குக் கொண்டுவந்து, யுபிஎன்பியும் கியூஓஎஸ்ஸும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கன்சோலை ரெஸ்ட் மோடில் (பாதி உறக்க நிலை) விடாமல் முழுசாக அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள், மாறிய இணைப்பில் புதிதாகச் சேரட்டும்.